வேகத்தைக் கூட்டினால் போதாது

இதுவரை யாரும் உருவாக்காத 119-ஆம் தனிமத்தை (கருவில் 119 புரோட்டான்) எடுக்க, இரண்டு அணுக்கருக்களை இன்னும் வேகமாக மோதவிட்டு ஒட்டவைத்தால் போதும் என்பதுபோல் ஒரு கட்டுரை சொல்கிறது. அங்கேதான் இடிக்கிறது. மெதுவாகப் போனால் இரண்டு அணுக்கருக்களும் ஒன்றையொன்று தள்ளிவிடும். வேகம் கூடினால், ஒட்டிய கரு சூடேறி அடுத்த கணமே பிளந்துவிடும். நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல்.

அதைவிடப் பெரிய தலைவலி இலக்குப் பொருள், அதாவது மோதலில் அடிவாங்கும் பொருள். 117-ஆம் தனிமத்துக்காக அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அணு உலையில் மாதக்கணக்கில் வைத்து எடுத்த பெர்க்கிலியம் (97-ஆம் தனிமம்) வெறும் 22 மில்லிகிராம். அதன் அரை ஆயுளோ (பாதி சிதைந்துபோக ஆகும் காலம்) சுமார் 330 நாள். கையில் இருக்கும்போதே கரைகிற சரக்கு! அதை ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்துக்கு அனுப்பி, மாதக்கணக்கில் கால்சியம்-48 அயனிகளால் அடித்துக் கிடைத்தவை ஆறே அணுக்கள்.

சரி, கால்சியத்தில் 20 புரோட்டான். அதைக் கொண்டே 119 வேண்டுமென்றால் 99-ஆம் தனிமமான ஐன்ஸ்டைனியம் இலக்காக வேண்டும். அது தேவையான அளவு கிடைப்பதே இல்லை. அதனால்தான் இப்போது 22 புரோட்டான் உள்ள டைட்டானியம்-50 பக்கம் போகிறார்கள்; அதற்குப் பெர்க்கிலியமே இலக்காகப் போதும். 2024-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் புளூட்டோனியத்தின் மீது அதை 22 நாள் அடித்து லிவர்மோரியம் எடுத்தார்கள். எத்தனை அணு தெரியுமா? இரண்டு. அதுவும் ஏற்கெனவே தெரிந்த 116-ஆம் தனிமம்தான்.