பயர்வோலை நிப்பாட்டாதேங்கோ

பரந்தன் களஞ்சியத்திலயிருந்து கிளிநொச்சி அரிசி ஆலையின்ர கணக்கு மென்பொருளுக்கு இணைப்புக் கிடைக்கேல்லை எண்டு தம்பி கேட்டதுக்கு, "சேர்வரில பயர்வோலை நிப்பாட்டினா சரிவரும்" எண்டு மேல ஒராள் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. பயர்வோல் எண்டது வெளியில இருந்து வாற தேவையில்லாத இணைப்புகளை மறிக்கிற காவல்.

தம்பி போட்ட பிழை எண் 10061. அழைப்பு சேர்வர் (கணக்குத் தரவு இருக்கிற ஆலைக் கணினி) வரைக்கும் போயிருக்கு, அந்தப் போர்ட்டில (இணைப்பு வாற இலக்கமிட்ட வாசலில) எடுக்கத்தான் ஆளில்லை. பயர்வோல் மறிச்சா பெரும்பாலும் பதிலே வராமல் கடைசியில 10060 தான் காட்டும்.

கணக்குத் தரவை வைச்சிருக்கிற எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் எண்ட தரவுத்தள மென்பொருளில டிசிபி/ஐபி (வேற கணினியள் வலையமைப்பால இணையிற வழி) ஆரம்பத்தில மூடித்தான் இருக்கும். அதாலதான் ஆலைக் கணினியில வேலை செய்யுது, வெளியில இருந்து ஏலாமக் கிடக்கு. எஸ்கியூஎல் சேர்வரின்ர கொன்பிகரேஷன் மனேஜரில (அமைப்புகளை மாத்துற கருவியில) அதை எனேபிள் பண்ணி, 'ஐபி ஆல்' பகுதியில டைனமிக் போர்ட்டை (தானா மாறுற இலக்கத்தை) வெறுமையாக்கி, டிசிபி போர்ட்டுக்கு 1433 குடுங்கோ. பிறகு எஸ்கியூஎல் சேர்வர் சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணோணும். கனபேர் விடுற இடம் இதுதான். களஞ்சியக் கணினியில சேர்வர் பெயருக்குப் பின்னால கொமா போட்டு 1433 எண்டு எழுதுங்கோ.

பயர்வோலில அந்த ஒரு போர்ட்டை, விபிஎன் (இணையத்துக்கு மேலால போற பாதுகாப்பான தனி இணைப்பு) முகவரிகளுக்கு மட்டும் திறந்தாக் காணும். இணையத்துக்கு நேரடியாத் திறந்துவிட்டா கடவுச்சொல் தேடுற நிரல்கள் இரவு பகலாத் தட்டும். காலபோக நெல்லுக் கொள்வனவுக் கணக்கு முழுக்க அதுக்குள்ளதானே இருக்கு.