யூரியா கரைத்த வாளி

இடம்: மதுரை, காளவாசல் பக்கம் பைபாஸ் ரோட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். நேரம்: மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அதாவது மெக்கானிக்குகளுக்குப் பொறுமை குறைவாக இருக்கும் நேரம்.

ஆட்கள்: ஷெட்காரர் பாய். உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன். வண்டி, ஏழு பேர் உட்காரும் ஃபோர் பை ஃபோர் டீசல்; அதாவது வேண்டும்போது நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் இழுவை போகிற வகை.

பாய்: வாங்கண்ணே. என்ன, வண்டி முக்கிக்கிட்டே வருது?

அண்ணன்: மீட்டர்ல ரெண்டு லைட்டு எரியுது பாய். ஒண்ணு மஞ்சளா, பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா. இன்னொண்ணுல எழுத்து ஓடுது.

பாய்: என்ன எழுத்து?

அண்ணன்: இன்னும் 600 கிலோமீட்டர் போனா வண்டி ஸ்டார்ட் ஆகாதாம். காசு போட்டு வாங்குனவனையே மிரட்டுது. உரப் பாக்கிக்காரங்ககிட்ட நான்கூட இப்படிக் கெடு வச்சுப் பேசுனதில்ல.

பாய்: அது யூரியா தீரப்போகுதுண்ணே. ஊத்திட்டா எழுத்துப் போயிரும்.

அண்ணன்: அந்த விசயத்துல உங்களுக்கு வேலையே இல்ல. உரக்கடைக்காரன்கிட்ட யூரியாவுக்கா பஞ்சம்? 45 கிலோ மூட்டை 266 ரூவா 50 காசு. டிக்கியத் தொறங்க.

(டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மேலே சில்வர் தட்டுப் போட்டு, சிந்தாமல் இருக்கத் துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறது.)

பாய்: என்னண்ணே இது?

அண்ணன்: கரைச்சே கொண்டாந்துட்டேன். மோர் கடையிற மத்தக் கேட்டேன், வீட்டம்மா குடுக்கல. கையாலயே கரைச்சேன்.

பாய்: வண்டில ஊத்திட்டீங்களா?

அண்ணன்: நல்லாக் கரையுது பாய், கை சில்லுன்னு ஆயிருச்சு.

பாய்: அண்ணே, ஊத்திட்டீங்களா இல்லையா?

அண்ணன்: இல்ல. புனலைக் காணோம்.

பாய்: அந்தப் புனலை எடுத்து வச்ச புண்ணியவான் நூறு வருசம் நல்லா இருக்கணும்.

அண்ணன்: ஏன் பாய், யூரியா யூரியாதான?

பாய்: 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6-னு புதுப் புகைக் கட்டுப்பாடு வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் வந்த பெரிய டீசல் வண்டிகள்ல இந்த ஏற்பாடு இருக்கு. சைலன்சர் குழாய்க்குள்ள யூரியாத் தண்ணிய பொடிப்பொடியாப் பீச்சும். அந்தச் சூட்டுல அமோனியாவா மாறி, புகையில இருக்க நைட்ரஜன் ஆக்சைடைப் புடிச்சு வெறும் நைட்ரஜனாவும் தண்ணியாவும் ஆக்கி வெளிய விட்டுரும். அளவு 32.5 சதவீதம் யூரியா. மிச்சம் உப்பே இல்லாத சுத்தத் தண்ணி. நீங்க எந்தத் தண்ணில கரைச்சீங்க?

அண்ணன்: போர் தண்ணி.

பாய்: போர் தண்ணியா!

அண்ணன்: காடாத்துணில ரெண்டு தடவ வடிகட்டுனேன் பாய்.

பாய்: துணில உப்பு வடியுமாண்ணே? வடிஞ்சா கடல் தண்ணியத் துணில வடிச்சுக் குடிச்சிரலாமே. சரி, உங்க மூட்டையில யூரியா போக வேற என்ன இருக்கு? உங்களுக்குத் தெரியாததா?

அண்ணன்: வேப்பெண்ணெய் பூச்சு இருக்கு. 2015-ல இருந்து எல்லா யூரியாவுக்கும் பூசணும்னு சட்டம். மண்ணுல பைய வேலை செய்யும். அதோட, மானிய யூரியாவ ஃபேக்டரிக்காரன் எவனும் தள்ளிட்டுப் போயி வேற வேலைக்கு ஊத்திரக் கூடாதுல்ல, அதுக்காகவும்தான்.

பாய்: திரும்பச் சொல்லுங்க.

அண்ணன்: வேற வேலைக்கு ஊத்திரக்...

(அண்ணன் வாளியைப் பார்க்கிறார். பிறகு, பாயைத் தவிர ஷெட்டில் இருக்கும் எல்லாவற்றையும் பார்க்கிறார்.)

பாய்: அந்த எண்ணெயும் உப்பும் சேர்ந்து பீச்சுற முனையில போயி அடைச்சுக்கிரும். முனை, பம்பு, டேங்கு, மொத்தமும் மாத்தணும். அந்தக் காசுக்கு நீங்க ஒரு லோடு யூரியா எடுத்துரலாம்.

அண்ணன்: அப்ப இந்த வாளிய?

பாய்: இன்னும் தண்ணி கலந்து, உங்க தென்னைக்கு ஊத்துங்க. வண்டிக்கு நான் சீல் வச்ச கேன்ல தர்றேன். வீட்டுல ஒண்ணு வாங்கி வைக்கிறதா இருந்தா டப்பாவுல போட்டிருக்கதப் படிச்சிருங்க. மைனஸ் 11 டிகிரிக்கு உறைஞ்சுரும்.

அண்ணன்: உசிலம்பட்டில அந்தப் பயம் இல்ல.

பாய்: வெயில் பயம் இருக்குல்ல? 30 டிகிரிக்கு மேல ரொம்ப நாள் கெடந்தா கெட்டுப்போகும்.

அண்ணன்: எங்க ஊர்ல 30 டிகிரிக்குக் கீழ இருக்க எடம் எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஒண்ணுதான் பாய். யூரியாவ இட்லி மாவுக்குப் பக்கத்துல வச்சா, அன்னைக்கே என் சாமான வெளிய வச்சிருவா. எப்ப வேணுமோ அப்ப வந்து வாங்கிக்கிறேன்.

பாய்: அந்தப் புள்ளி வச்ச லைட்டு எத்தனை நாளா எரியுது?

அண்ணன்: அது கொஞ்ச நாளாவே எரியுது. ராத்திரில பாக்க நல்லா இருக்குன்னு விட்டுட்டேன்.

பாய்: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?

அண்ணன்: (பெருமையாக) வண்டிய நான் கசக்குறதே இல்ல. வீட்ல இருந்து கடை ஒரு கிலோமீட்டர். கடையில இருந்து வீடு ஒரு கிலோமீட்டர். ஸ்பீடு இருபதத் தாண்டாது. காலைல சூடாகட்டும்னு ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டுத்தான் பால் வாங்கவே போவேன்.

பாய்: பால் வாங்க நடந்தா போறீங்க?

அண்ணன்: டூவீலர்ல. வண்டி தேயுமுல்ல.

(பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஸ்பேனரோடு பேசும் மெக்கானிக்கிடம் பேரம் பேசலாம். அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறவரிடம் பணப்பையைத்தான் எடுக்க வேண்டும்.)

பாய்: அண்ணே, சைலன்சர் லைன்ல கரியப் புடிச்சு வைக்க ஒரு ஃபில்டர் இருக்கு. டி.பி.எஃப்.னு சொல்லுவாங்க. உள்ள பீங்கான்ல பொடிசு பொடிசா ஓட்டை. கரி சேரச் சேர வண்டியே அதைச் சுட்டு எரிச்சிரும். எரியணும்னா உள்ள 600 டிகிரி வரணும். அந்தச் சூடு ஏற, ரோட்டுல நிக்காம இருவது நிமிசமாச்சும் ஒரே சீரா ஓடணும். நீங்க பாலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நின்ன எடத்துலயே ஓட விட்டா கரி சேருது. ஒரு கிலோமீட்டர் ஓட்டி ஆஃப் பண்ணுனா எரிக்க ஆரம்பிச்சது பாதியில நிக்குது.

அண்ணன்: சும்மா வச்சிருந்தா கெட்டுப்போகுமா? ஓட்டுனாத்தான பாய் கெடும்?

பாய்: இருங்க, ஆயில் பாப்போம்.

(பானெட்டைத் தூக்கி, ஆயில் கேஜ் கம்பியை உருவி, வேஸ்ட்டுத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுக்கிறார். மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை உயரத்தில் ஆயில் மின்னுகிறது.)

அண்ணன்: பாத்தீங்களா! எல்லாரு வண்டியும் ஆயில் குடிக்கும், என் வண்டில ஏறிக்கிட்டே இருக்கு. தானா ஊறுது பாய். இதை வெளிய சொல்லல, கண்ணு பட்டுரும்னு.

பாய்: கையை நீட்டுங்க. ரெண்டு விரல்ல தேச்சுப் பாருங்க. இப்ப மோந்து பாருங்க.

அண்ணன்: தண்ணியா இருக்கு... டீசல் வாடை அடிக்குது?

பாய்: டீசலேதான். கரிய எரிக்க வண்டி கூடுதலா டீசல் அடிக்கும். நீங்க பாதியில ஆஃப் பண்ணும்போதெல்லாம் எரியாத டீசல் சிலிண்டர் ஓரமா வழிஞ்சு ஆயில்ல எறங்கிருச்சு. இந்த நீர்த்த ஆயிலோட இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா பேரிங் போயிருக்கும். ஒரு கிலோமீட்டர்ங்குறதால தப்பிச்சீங்க.

அண்ணன்: அப்ப ஓட்டாததுனால கெட்டுச்சு, ஓட்டாததுனால தப்பிச்சுச்சு.

பாய்: ஆமா. குழப்பாதீங்க.

அண்ணன்: எங்க பக்கத்துல ஒருத்தர் அந்த ஃபில்டரையே அறுத்து எறிஞ்சிட்டா தொல்லை விட்டுச்சுன்னாரு.

பாய்: அவரு வண்டிய அறுக்கச் சொல்லுங்க. புகைச் சோதனையில மாட்டுவீங்க, கம்ப்யூட்டர் வேற தப்புத் தப்பா லைட்டப் போடும். என் ஷெட்ல அந்த வேலை கெடையாது. ஆயில மாத்துறேன். சாம்பல் குறைஞ்ச ஆயில்தான் ஊத்தணும், டிராக்டர் ஆயில் வீட்ல இருக்குன்னு கொண்டு வந்துராதீங்க.

(அண்ணன் டிக்கியை மெதுவாகச் சாத்துகிறார். உள்ளே ஒரு கேன் உருளும் சத்தம்.)

பாய்: ஆமா, முன் டயர் ரெண்டும் புதுசு, பின்னால ரெண்டும் மொழுக்குன்னு இருக்கு?

அண்ணன்: வருசத்துக்கு ரெண்டா மாத்துனா செலவு தெரியாதுல்ல.

பாய்: ஃபோர் பை ஃபோர்ல நாலு டயரும் சுத்தளவு ஒண்ணா இருக்கணும்ணே. தேஞ்சது கூடுதலாச் சுத்தும், புதுசு குறைவாச் சுத்தும். நாலையும் ஒண்ணாப் பூட்டுறப்ப நடுவுல கியர்ப்பெட்டி மாட்டிக்கிட்டு நோகும். மொதல்ல ஃபோர் பை ஃபோர் போடுற அந்த நாப்பைத் திருப்பியிருக்கீங்களா இல்லையா?

அண்ணன்: திருப்பாம? போன தடவ இங்கிட்டு இருந்து போகும்போது செக்கானூரணி வரைக்கும் 4 எல்-லதான் போனேன். எல்-னா லோ. டீசல் லோவாக் குடிக்கும்னு.

பாய்: லோ-ன்னா லோ கியருண்ணே, டீசல் இல்ல. அதையும் தார் ரோட்டுலயா?

அண்ணன்: நல்ல தார் ரோடு. ஆனா வண்டி கத்துச்சு பாருங்க, முப்பதுக்கு மேல ஏறல. ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சு முந்திட்டுப் போறான். உள்ள இருந்தவங்க எட்டி எட்டிப் பாத்தாய்ங்க. அப்புறம் வளைவுல ஸ்டியரிங் இறுகிக்கிருச்சு, டயரு கீச்சு கீச்சுன்னுது. நாப்பைத் திருப்புனா பழைய எடத்துக்கு வரமாட்டேங்குது.

பாய்: வளைவுல முன் சக்கரம் பெரிய வட்டம் அடிக்கும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண்ணுல போனா சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிபண்ணிக்கும். தார்ல வழுக்க முடியாம முறுக்கிக்கிட்டு நிக்கும். எப்படி விடுவிச்சீங்க?

அண்ணன்: மச்சினன் சொன்னான்னு ரிவர்ஸ்ல கொஞ்சம் போனேன். டொக்குனு விட்டுருச்சு. வாழ்க்கையில அவன் சொன்ன ஒரே உருப்படியான விசயம் அதான்.

பாய்: அவருக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

அண்ணன்: என்னைய விட அவன்தான பாய் வண்டில அதிகமா உக்காந்திருக்கான்! நாங்க நாலு பேரு. மிச்ச மூணு சீட்டையும் வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே அவன் குடும்பத்துக்குப் பேசி முடிச்சிட்டாய்ங்க. வீட்டம்மாகிட்ட வைகைல எறங்குற வண்டின்னு சொன்னதுக்கு, ‘அழகரே குதிரையிலதான் ஆத்துல எறங்குறாரு, நீங்க எதுல எறங்கப் போறீங்க’ன்னா.

பாய்: எறங்குனீங்களா?

அண்ணன்: வைகைல இல்ல, எங்க ஊரு கண்மாய்ல. நாலு விவசாயி கரையில நின்னு பாக்குறாங்க. 4 எச், அதான் ஹை கியர், போட்டு உள்ள விட்டேன். முன்னால ஒரு சக்கரம், பின்னால ஒரு சக்கரம், ரெண்டு மட்டும் சேத்துல சர்ருனு சுத்துது. மத்த ரெண்டும் நல்ல தரையில சிவனேன்னு நிக்குது. நாலும் இழுக்கும்னுதான பாய் காசு வாங்குனாய்ங்க?

பாய்: முன்னாலயும் பின்னாலயும் இழுக்கும். ஆனா இடது சக்கரம், வலது சக்கரத்துக்கு நடுவுல டிஃபரென்ஷியல்னு ஒண்ணு உக்காந்திருக்கு. எவன் வேலை செய்யாம சும்மா சுத்துறானோ அவனுக்கே முழுச் சம்பளம் குடுக்குற ஆபீஸர் மாதிரி. வழுக்குற சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும், புடிமானம் இருக்க சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது. லாக் இருக்க வண்டின்னா ரெண்டையும் சேத்துப் பூட்டும். சில வண்டில வழுக்குற சக்கரத்த பிரேக் புடிச்சு நிறுத்தும், ஆனா ஆக்சிலேட்டர விடாம ஒரே சீரா மிதிச்சுக் குடுக்கணும்.

அண்ணன்: நான் காலை எடுத்துட்டேன். டீசல் வீணாகுதுல்ல.

பாய்: அப்புறம் எப்படி வெளிய வந்துச்சு?

அண்ணன்: எனக்கு ரெண்டு போகம் உரப் பாக்கி வச்சிருந்தவரு டிராக்டரக் கட்டி இழுத்தாரு. வெளிய வந்ததும், ‘பாக்கிக்கு இது சரியாப் போச்சு’ன்னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டாரு.

பாய்: ஃபோர் பை ஃபோர மாசம் ஒருக்கா மண் பாதையில கொஞ்ச தூரம் போட்டு ஓட்டுங்கண்ணே. அப்பத்தான் முன் ஆக்சில் ஹவுசிங்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ்ங்குற அந்த நடுக் கியர்ப்பெட்டியில ஆயில் சுத்தும். கண்மாய்க்குப் போகாதீங்க. உங்க பாக்கி மொத்தமும் போயிரும்.

(ஆயில் மாறுகிறது. நீல மூடியைத் திறந்து பாய் கேனைச் சாய்க்கிறார். மூடி ஓரத்தில் பழைய யூரியா வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அண்ணன் அதை நகத்தால் சுரண்டி, தொழில் பழக்கத்தில் தரம் பார்க்கிறார்.)

பாய்: எழுத்துப் போயிருச்சு. இப்ப அந்தப் புள்ளி லைட்டு. நாலுவழிச் சாலையப் புடிச்சு நேரா விருதுநகர் போங்க. டோல்ல நின்னா நில்லுங்க, ஆனா இஞ்சின ஆஃப் பண்ணாதீங்க. டோல் போக மத்தபடி எங்கயும் நிக்கக் கூடாது. எழுபது, எம்பதுல ஒரே சீராப் போகணும். லைட்டு அணைஞ்சப்புறம் வேணா எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டுக்கங்க.

அண்ணன்: அணையலைன்னா?

பாய்: சாத்தூர் போங்க.

(போன் அடிக்கிறது. அண்ணன் பேசுகிறார். ‘ம்’, ‘ம்’, ‘எத்தனை பேரு?’, ‘பையும் இருக்கா?’ என்று நாலே வார்த்தை. போனைக் கையால் பொத்திக்கொள்கிறார்.)

அண்ணன்: பாய், விருதுநகர்ப் பக்கம் போறேன்னு தெரிஞ்சுபோச்சு. திருமங்கலத்துல மச்சினன் குடும்பத்தோட நிக்கிறானாம். நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போகணுமாம்.

பாய்: நிறுத்தக் கூடாதுண்ணே. பாதியில நின்னா மறுபடி முதல்ல இருந்து.

அண்ணன்: அப்ப உண்மையிலேயே நிறுத்தக் கூடாதா?

பாய்: கூடாது.

அண்ணன்: (முகமெல்லாம் மலர்ந்து) நான் சொன்னா நம்ப மாட்டாய்ங்க பாய். இதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி, ஷெட்டு சீல் வச்சுக் குடுத்துருங்க. தேதி மட்டும் போடாதீங்க.