பழைய துணியிலும் தடயம் மிஞ்சும்

"ஏற்காடு மாதிரி ஈரமான மலையில் 15 வருஷம் ஆன கொலைக்குத் துணியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்களே அண்ணா, அது தப்பு. லண்டனில் 1993-ல் குத்திக் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கில், சந்தேகப்பட்ட ஒருவனிடம் அப்போதே கைப்பற்றி வைத்திருந்த ஜாக்கெட்டின் காலரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்டீபனின் ரத்தக் கறை பல வருஷம் கழித்து நடந்த மறு ஆய்வில்தான் சிக்கியது, கூடவே ஸ்டீபன் உடையின் இழைகளும். 2012-ல் இரண்டு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஈரம் டிஎன்ஏவைக் கெடுக்கும், சரி. ஆனால் சேர்வராயன் மலையில் எடுத்த சட்டையாகவே இருந்தாலும், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூஞ்சை பிடிக்க விடாமல், நிழலில் நன்றாக உலர்த்திக் காகித உறையில் சீல் வைத்தால் பல வருஷம் தாங்கும். அப்புறம், கொலைக்கு நம் சட்டத்தில் காலவரம்பே கிடையாது.