"நாங்கள்லாம் இல்லையா? எதுக்கு காசு குடுத்துப் பேசணும்?"

"பைத்தியத்துக்குத்தான் வைத்தியம்" என்று, தெரபிக்கு (பேச்சும் பயிற்சியுமாக நடக்கும் மனநலச் சிகிச்சைக்கு) போகிறவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். படித்தவர்கள் வீட்டில் இன்று கேட்கிற கேள்வி வேறு. "மனசு விட்டுப் பேச நாங்கள்லாம் இல்லையா? எதுக்கு காசு குடுத்து மூணாவது மனுஷங்ககிட்ட பேசணும்?" கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் உதவி தேடிக் கிளம்பிய ஒருவரை வாசற்படியிலேயே உட்கார வைத்துவிடுவதில் அந்தப் பழைய ஏளனத்தைவிட இந்த அன்புக்குத்தான் பலம் அதிகம்.

தெரபி என்றால் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் அழுவோம், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், கடைசியில் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைப்பார் என்று. ஆறுதல்தான் வேண்டுமென்றால் அம்மா போதும், அக்கா போதும், டீக்கடையில் கூட நிற்கிற நண்பன் போதும். தெரபியில் ஆறுதலும் கிடைக்கும், ஆனால் நடப்பதில் பெரும்பகுதி பயிற்சி. தோள்பட்டை இறுகிப்போனால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போகிறோம். வலிக்கும் என்று தெரிந்தே அவர் கையைத் தூக்க வைக்கிறார், வீட்டில் தினமும் செய்யச் சொல்கிறார். "கையைத் தூக்கிவிட வீட்ல ஆள் இல்லையா" என்று யாரும் அவரிடம் போனவர்களைக் கேட்பதில்லை.

என் விஷயத்தையே சொல்கிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு வந்தது பேனிக் அட்டாக், திடீரென்று உச்சத்துக்குப் போகும் பயம். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் நடுவில் டிராஃபிக்கில் நிற்கும்போது வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, மூச்சு போதவில்லை, இன்னும் இரண்டு நிமிடத்தில் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிகிறது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் என்று இதயப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான், எதையும் யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ் நின்றது, ஆட்டோ ஆனது. பிறகு பாலத்தைத் தாண்டுவதே நின்றது. பிறகு தனியாகக் கடைக்குப் போவதும் நின்றது.

வீட்டில் என்னைத் தாங்கினார்கள். எங்கே போனாலும் யாராவது கூட வந்தார்கள், முகம் மாறினால் உடனே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், "போக வேணாம், நாங்க வாங்கிட்டு வரோம்" என்றார்கள். இந்த ஒவ்வொரு நல்ல காரியமும் என் பயத்துக்குத் தீனி போட்டது. ஓடி ஒளியும்போதெல்லாம் "நல்லவேளை, தப்பித்தோம்" என்றுதான் மூளை பதிவு செய்துகொள்கிறது. ஓடாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

தெரபிஸ்ட் முதலில் ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினார். இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. "ஐயோ, மாரடைப்பு" என்று நினைக்கிறோம். அந்தப் பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. துடிப்பு இன்னும் கூடுகிறது. பயமும் கூடுகிறது. இதய நோய் இல்லை என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்ததை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அந்த அறையிலேயே ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். பாலத்தில் வந்த அதே மரத்துப்போதல், அதே தலைசுற்றல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தது. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அப்போது யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். என் அம்மா இதைச் செய்யச் சொல்வாரா? செய்யவே விடமாட்டார். நம்மை நேசிப்பவர்களுக்கு நம் வேதனை இந்த நிமிடமே நிற்க வேண்டும். அந்த வேதனையோடு கொஞ்ச நேரம் இருக்கப் பழக்குவதற்குத்தான் வெளியாள் தேவைப்படுகிறார்.

அடுத்தது பட்டியல். எதற்குப் பயம் குறைவு, எதற்கு அதிகம் என்று வரிசையாக எழுதினோம். நிற்கிற பஸ்ஸில் ஏறி இறங்குவது, தங்கையோடு பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை வரை போவது, தனியாகப் போவது, மாலை நெரிசலில் போவது. கூடவே என் கைப்பையும் விசாரணைக்கு வந்தது. தண்ணீர் பாட்டில், ஒரு மாத்திரை அட்டை, கதவுக்குப் பக்கத்து சீட், எந்நேரமும் போனில் தயாராக இருக்கும் கணவர். இதெல்லாம் இருப்பதால்தான் பிழைத்தேன் என்று மனம் நம்பிக்கொண்டிருக்கிறது, ஆகவே ஒவ்வொன்றாக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பாட்டில் இல்லாமல் போன நாள்தான் இருந்ததிலேயே கஷ்டமான நாள். இன்று அந்தப் பஸ்ஸில் போகிறேன், சில நாள் நின்றுகொண்டே.

நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் இந்த முறைக்கு காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, சிபிடி என்று பெயர். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை, 1980களில் பேனிக் நோய்க்கென்றே தனியாக வளர்த்தெடுக்கப்பட்டது. பேனிக்குக்குப் பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள். "ஒருவாட்டி போனா ஆயுசுக்கும் போகணும்" என்பவர்கள் கவனிக்கவும். "ரெண்டு தடவை போனேன், கேள்வியா கேட்டாங்களே தவிர ஒண்ணும் சொல்லல" என்று நிறுத்தியவர்களும் கவனிக்கவும். முதல் ஒன்றிரண்டு அமர்வுகள் நம்மைத் தெரிந்துகொள்ளத்தான். சிறு வயது, அப்பா அம்மா எல்லாம் பேச்சில் வரலாம், ஆனால் பெற்றோர் மீது பழி போட வைப்பதுதான் இவர்கள் வேலை என்பது வீண் பயம்.

ஒரே சந்தேகமும் அதைத் தீர்க்கும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி என்ற மனநோயிலும் இதே கதைதான். "கதவு பூட்டியாச்சா?" என்று ஒருவர் இருபது முறை கேட்டால் இருபது முறையும் "பூட்டியாச்சு" என்று சொல்வது பாசம். தெரபியில் அந்தப் பதிலைச் சொல்லாமலிருக்க வீட்டாருக்கும் சேர்த்துப் பழக்குவார்கள்.

"எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இருந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. இன்னொன்றும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக்காரர்கள். எங்கே போவது என்று தெரியாமல் விட்டவர்கள் அவர்களில் நிறைய பேர் என்றுதான் நான் நம்புகிறேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்), அவர் எம்பிபிஎஸ் முடித்த மருத்துவர். சைக்காலஜிஸ்ட் (உளவியலாளர்) எழுத முடியாது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடக்கூடியவை தூக்க மாத்திரை, பதற்றத்தை உடனே தணிக்கும் மாத்திரை போன்றவை. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுத்தான் "ஆரம்பிச்சா விட முடியாது" என்கிறார்கள். ஸ்கிட்ஸோஃப்ரினியா (மனச்சிதைவு), பைபோலார் (இருதுருவ மனநிலைக் கோளாறு) போன்றவற்றில் மாத்திரையே அடித்தளம், பேச்சு மட்டும் போதாது.

மகளை அனுப்பிவிட்டு "என்ன சொன்னா?" என்று வெளியில் மடக்கிக் கேட்கும் பெற்றோர் உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. வயது வந்த பிள்ளை என்றால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தெரபியால் முடியாததும் இருக்கிறது. அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணுக்கு "அனுசரிச்சுப் போக" சொல்லித்தருவது சிகிச்சை கிடையாது. அப்படிச் சொல்கிற ஆலோசகரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குறுகிய காலச் சான்றிதழ் படிப்பு முடித்து இன்ஸ்டாகிராமில் கடை போட்டவர்களும் இருக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பணம் பெரிய தடைதான், அதைச் சின்னதாகப் பேச மாட்டேன். தனியாரில் ஒரு அமர்வுக்கே ஆயிரம், அதற்கு மேலும் கேட்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

போக முடிவு செய்துவிட்டீர்களென்றால் முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். என் பிரச்சினைக்கு எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிகிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம்? நல்ல தெரபிஸ்ட்டுகள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். முகம் சுளித்தால் வேறொருவரைத் தேடுங்கள். திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், எனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன்.