30 சதவீதம் தேர்தல் கேட்க மட்டும்தான்

"அமெரிக்காவில் 30 சதவீதம் பணியாளர்கள் தொழிற்சங்க ஆதரவு அட்டையில் கையெழுத்துப் போட்டாலே கம்பெனி சங்கத்தோடு சம்பளம், வேலை நிலைமை பற்றிப் பேசியாக வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அந்த 30 சதவீதம், தொழிற்சங்க வாக்கெடுப்புகளை நடத்தும் அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி மனுப் போடுவதற்கான தகுதி, அவ்வளவே. அட்டைகளை வாரியம்தான் பணியாளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்; யார் கையெழுத்திட்டார்கள் என்பதை முதலாளியிடம் காட்டாது. (முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் கையெழுத்தே போடுவதில்லை.)

சங்கத்துக்கு முதலாளியோடு பேசும் உரிமை பொதுவாகக் கிடைப்பது வாக்கெடுப்பில் ஜெயித்த பிறகு. அதிலும் மொத்தப் பணியாளர்களில் பாதிக்கு மேல் என்று கணக்கில்லை, பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல். 2022 மார்ச் இறுதியில் நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்கில் நடந்த வாக்கெடுப்பைப் பாருங்கள்: வாக்குரிமை உள்ளவர்கள் சுமார் 8,300 பேர். ஆதரவு 2,654, எதிர்ப்பு 2,131. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய ஆதரவுதான், ஆனாலும் சங்கம் ஜெயித்தது.

அட்டைக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பான்மையோர் கையெழுத்திட்டிருந்தால் முதலாளி விரும்பி அங்கீகரிக்கலாம். வாக்கெடுப்பையே கெடுக்கும் அளவுக்கு மிரட்டல், வேலைநீக்கம் என்று இறங்கிய முதலாளியை, அட்டைப் பெரும்பான்மையை வைத்தே பேச வைக்கலாம் என்று 1969-இல் கிஸல் என்ற கம்பெனியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் 30 போதாது.