கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டிலேயே மாற்றலாம், அளவு பார்க்கத் தெரிந்தால்

ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலைக் கடைசிவரை மாற்றவே வேண்டாம் என்று பல ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வதை நான் ஏற்கவில்லை. உலகின் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடச் சொல்கிறது. கிளட்ச் தட்டுகளிலிருந்து உதிரும் துகளும் ஓயாத சூடும் எந்த ஆயிலையும் கெடுத்துவிடும். நெரிசலில் ஊர்ந்தே பழகிய நம் நகரத்துக் கார்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

எஞ்சினின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் இந்த வேலையை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஆயில் இறக்கும் போல்ட்டின் தலையில் உள்ள சதுரக் குழியில் 3/8 அங்குல ராட்செட் ஸ்பேனரின் முனை அப்படியே பொருந்தும். அதைத் தொடுவதற்கு முன் ஆயில் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். கழற்றிய போல்ட்டின் காந்தத்தில் மை போன்ற கருஞ்சாம்பல் படிந்திருப்பது இயல்பு. விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் இருந்தால், அது ஆயில் மாற்றித் தீரும் கோளாறு அல்ல.

இறங்குவது சுமார் இரண்டரை லிட்டர்தான், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் உள்வழிகளிலும் தங்கிவிடும். அதனால் சிறிது காலம் ஓட்டிவிட்டு மறுபடியும் இறக்கி ஊற்றுவதே நல்லது. மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவித் தள்ளுவதைவிட, நிதானமான இந்த முறையையே நான் விரும்புகிறேன்.

உண்மையான கவனம் தேவைப்படுவது அளவில்தான். ரேடியேட்டர் ஃபேன் சுழலும்வரை சூடேற்றி, சமதளத்தில் எஞ்சினை அணைத்து, 60 முதல் 90 விநாடிகளுக்குள் டிப்ஸ்டிக்கை (ஆயிலின் அளவு காட்டும் கம்பி) பார்ப்பது ஹோண்டாவின் முறை; வேறு பல கார்களில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களில், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது மிகுதி ஆயில் வழிந்து வெளியேறும் வழிவு போல்ட்டைத் திறந்து அளவை முடிவுசெய்கிறார்கள். அந்தச் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் கையில் இல்லாதவர்கள் வீட்டில் தொடங்க வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் ஆயிலையும் தவிர்த்துவிடுங்கள். இந்த ஹோண்டா கியர்பாக்ஸுக்கு டிடபிள்யூ-1 என்ற ஆயில், அதே நிறுவனத்தின் புதிய சிவிடிக்கு (படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் ஆட்டோமேட்டிக்) எச்சிஎஃப்-2 என்ற ஆயில். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்ற முடியாது. மாருதியின் ஏஜிஎஸ், கிளட்சையும் கியரையும் தானாக இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்தான் என்பதால், இங்கே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது.