டிவிக்கு உறை தைத்துக் கொடுத்தவள் எழுதுகிறேன்

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு ஸ்மார்ட் டிவி உண்டு. தூசி விழாமலிருக்க உறை வேண்டும் என்று டீச்சர் கேட்டார். சீருடை தைத்து மிஞ்சிய துணியை ஒட்டுப்போட்டு, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அந்த உறையைப் பிறகு 11 மாதம் யாரும் அவிழ்க்கவே இல்லை.

காரணம் சின்னது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நல்ல மனசோடு வாங்கிக் கொடுத்தார். மாலை, சால்வை, போட்டோ எல்லாம் ஆயிற்று. பிள்ளைகள் நாலு வாரம் பார்த்தார்கள். ஐப்பசி வந்தது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசி சாயங்காலத்து இடி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இடி இடித்தது, திங்கட்கிழமை டிவி எரியவில்லை. தக்கலையிலிருந்து வந்த மெக்கானிக் பையன் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எர்த்தே இல்லியேக்கா, பின்ன எப்பிடி நிக்கும்?" என்றான். போர்டு மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்றான்.

அந்த 9,000 ரூபாய்க்கு எங்களிடம் வழி இல்லை. கொடுத்தவரிடம் மறுபடி போய்க் கேட்க எல்லோருக்கும் கூச்சம். பள்ளிக்கு வந்த மானியம் செலவாகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், டிவி வாங்கியதற்கு நன்றி சொல்லும் தீர்மானம் இருக்கிறது. அது கெட்டுப்போனால் யார் பார்ப்பது, எந்தக் காசில் பார்ப்பது என்று ஒரு வரி இல்லை. அந்தத் தீர்மானத்தின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் இது மற்றவர்கள் மேல் சொல்லும் குற்றம் இல்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நம் பள்ளிக் குழுக்கள் திட்டத்தைத் தலைகீழாகப் போடுகின்றன. முதலில் ஒரு பொருள் வருகிறது. பிறகு அதற்குக் காசு தேடுகிறோம். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு கடைசியில் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. பிள்ளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தக் குழு யாரோ தயவு பண்ணித் தந்தது இல்லை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு தந்தது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வந்த மானியம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. 2010-ல் வந்த மத்திய விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒரு துணைத் திட்டம். நம்ம மாநிலத்தில் 2022-லும் 2024-லும் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள், முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். எல்லாம் சரி. ஆனால் கூட்டம் எப்போது? வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு.

எங்கள் குழுவில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிற அம்மாமார் ஆறு பேர். மூன்று மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் அரை நாள் கூலி போகும். அவர்கள் வராமல் கூட்டம் நடந்துவிடும், பதிவேடு மட்டும் மறுநாள் வீட்டுக்கு வரும். "எங்க போடணும்?" என்று கேட்டு, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். டிவி தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. குற்றம் டீச்சர் மேல் இல்லை. இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. அதோடு பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு, காலை உணவுக் கணக்கு, மதிய உணவுக் கணக்கு, புத்தகக் கணக்கு. அந்த அம்மா மூச்சு விடுவதே பெரிய விஷயம்.

டிவி செத்த பிறகுதான் எங்களுக்கு ரோஷம் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளி முற்றத்து மாமரத்தடியில் உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டோம். தீர்மானம் எழுதுவது வெள்ளிக்கிழமைதான், பேசி முடிவெடுப்பது ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு 19 பேர் வந்தார்கள். அண்டி ஆபீஸ் அக்காமார் ஆறு பேரும் இருந்தார்கள்.

அன்றைக்கு டிவியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு அக்கா ரொம்ப நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்க பிள்ள காலைல கொண்டுபோற தண்ணிக் குப்பிய அப்பிடியே திருப்பிக் கொண்டுவாறா. கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்ல டீச்சர். அதான் தண்ணியே குடிக்க மாட்டேங்கா." இரண்டாம் வகுப்புப் பிள்ளை, காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது. கதவைப் பூட்டும் அந்தக் கொண்டி, தாழ்ப்பாள், என்ன விலை? 60 ரூபாய். மறுநாள் காலையில் பொருத்தியாயிற்று. ஒன்றரை வருஷமாகக் கூட்டம் போட்டோம், அந்த 60 ரூபாய் எங்கள் காதில் விழவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த பேச்சு வாசிப்பைப் பற்றி வந்தது. நாலாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைச் சேர்த்து வாசிக்க வராது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் நம்மது, 91.75 சதவீதம். அந்தப் பெருமையை மேடையில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பெருமையின் நடுவில்தான் இந்தப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் இந்த ஆண்டு நிகழ்ச்சித் திட்டத்தின் முதல் வரியாக வாசிப்பை எழுதினோம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம். ஓய்வுபெற்ற ஒரு ஸாரும், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களும் வருகிறார்கள். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஒரு பையன் வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டு வருகிறான். 'குளத்தங்கரை' என்ற சொல்லில் விரல் நிற்கிறது. உதடு மூன்று தடவை அசைகிறது. நாலாவது தடவை சொல் முழுசாக வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எந்தக் கம்பெனியும் விலை போட முடியாது.

டிவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் கண்பார்வை குறைந்த ஒரு பையன் இருக்கிறான். புத்தகத்தை மூக்கில் உரசுகிற மாதிரி வைத்துத்தான் படிப்பான். டிவி ஓடிய அந்த நாலு வாரம், 'ழ' உள்ளங்கை அகலத்துக்குத் திரையில் நின்றபோது அவன் எழுந்து போய் அதன் சுழியை விரலால் தடவிப் பார்த்தான் என்று டீச்சர் சொன்னார். டிவி போனதில் மற்றப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு போயிற்று. அவனுக்கு எழுத்தே போயிற்று. இப்படி ஒரு பிள்ளை இருப்பதை மனதில் வைத்து வாங்கியிருந்தால் எர்த் கம்பிக்கும் ஸ்டெபிலைசருக்கும் முதலிலேயே காசு ஒதுக்கியிருப்போம். நாங்கள் வாங்க வைத்தது எதற்காக? காலையில் ஊருக்குள் வரும் ஆங்கில மீடியம் வேன்களைப் பார்த்துப் பயந்து. டிவி இருந்தால் பிள்ளைகள் நிற்பார்கள் என்று நினைத்தோம். டிவிக்காக ஒரு பிள்ளையும் வேனிலிருந்து இறங்கவில்லை.

இனி காசு. எங்கள் பள்ளியில் 54 பிள்ளைகள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 30-க்கு மேல் 100 வரை பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம். அதில் பத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்கு ஒதுக்க வேண்டும். மீதியில் சுண்ணாம்பு, குழாய், பல்பு, பதிவேடு எல்லாம். இதற்குள் 9,000 ரூபாய் போர்டு அடங்காது. அதற்காகப் பெற்றோர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலிக்குப் போகிற வீட்டில் 200 ரூபாய் கேட்டால், கொடுக்க முடியாதவள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டாள். காசும் போய், ஆளும் போகும்.

நமக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. அறுப்பின் பண்டிகைக்குக் கிறிஸ்தவக் கோயிலில் ஏலம் போடுவோமே, அதுதான். ஆண்டு விழா அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னோம். சக்கை, தேங்காய், மரச்சீனி, முட்டை, ஒரு வீட்டிலிருந்து மல்லிகைச் செடி. கடைசியில் ஒரு மட்டி வாழைக் குலை வந்தது. பழுத்து மணம் வீசிக்கொண்டிருந்தது. இரண்டு மாமாமார் போட்டி போட்டு 1,800 ரூபாய்க்குக் கொண்டுபோனார்கள். சாதி, கோயில், கட்சி பார்க்காமல் ஊரே நின்று கூவிய ஏலம் அது. மொத்தம் 11,400 ரூபாய்.

அதில் புதுப் பொருள் எதுவும் வாங்கக் கூடாது என்று முதலிலேயே தீர்மானம் எழுதினோம். கையில் இருக்கிற பொருள்கள் உயிரோடு இருக்க மட்டும் அந்தக் காசு. இதற்கு ஒரு முன்னாள் மாணவர் ஒப்பவில்லை. "காச சும்மா வச்சுக்கிட்டு இருப்பீங்களா, கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கலாமே" என்றார். அவர் ஆசையும் நியாயம்தான். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வயரிங் பார்க்க ஆள் கூப்பிடவும், இடி வருகிற மாதங்களில் பள்ளி விட்டதும் பிளக்கைக் கழற்ற ஒருத்தரை ஏற்கவும் முடியாத பள்ளிக்கு இன்னொரு பெட்டி எதற்கு? பிளக் வேலையை இப்போது ஐந்தாம் வகுப்பு அம்மா ஒருத்தர் ஏற்றிருக்கிறார். பள்ளிக்கு எதிர் வீடு.

இதற்கிடையில் டீச்சர் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினார். பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டைப் போனில் காட்டி, பாட்டையும் கதையையும் அதில் போட்டு விடுகிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடுகிற சத்தம் ரோட்டில் கேட்கிறது. தொழில்நுட்பம் என்று நான் மதிப்பது இதை.

போன மாதம் அதே வெளிநாட்டு அண்ணன் போன் பண்ணினார். இந்த வருஷம் புரொஜெக்டர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். குழுத் தலைவி அக்கா போனை என்னிடம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை எழுதிய பட்டியலை அவருக்கு வாசித்துக் காட்டினேன்: எர்த் வேலை, ஸ்டெபிலைசர், டிவி போர்டுக்குப் பற்றாக்குறை, பெரிய எழுத்துப் புத்தகங்கள் 20. போட்டோவில் காட்ட அதில் எதுவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எர்த் போட எவ்வளவு ஆகும்னு அந்தப் பையன்ட்ட கேட்டுச் சொல்லு மக்கா" என்றார்.

மெக்கானிக் பையன் சனிக்கிழமை வருகிறான். உறையை நேற்றே அவிழ்த்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.